ஆறாவது துண்டு

அமோய்,

இன்று காலை பேத்தி சந்தையிலிருந்து வந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஐந்து துண்டு தவுக்குவா, அந்தப் பயற்றம்பால் கட்டி, வாங்கி வரச் சொல்லியிருந்தேன். இலைக்குள் ஆறு இருந்தன. ஆறாவது மற்றவை போல் சதுரமாக இல்லை. ஒரு பக்கம் சரிந்து, பிழிதுணியின் மடிப்பு பதிந்த ஓரத் துண்டு. பயற்றம்பால் காய்ந்து லேசாக அடிப்பிடித்த அந்த வாசனை எழும்பிச் சமையலறை முழுக்கப் பரவியது. நீ உள்ளே நுழைந்தால் வருகிற வாசனை.

ஒன்று ஏன் கூட இருக்கிறது என்று கேட்டேன்.

"சீன பாஷையில கேட்டேன் பாட்டி. அந்தக் கடைக்கார அக்கா சிரிச்சிட்டு ஒண்ணு கூடப் போட்டாங்க. அடுத்தவங்க பாஷையில கேட்டா ஆறாவது உண்டாம், அதான் வழக்கமாம்."

யார் வைத்த வழக்கம் என்று கேட்டாயா என்றேன். கேட்டாளாம், என் பேத்தி அல்லவா. அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையாம். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் போடுகிறார்களாம்.

எனக்குத் தெரியும். அதனால்தான் உலையை இறக்கி வைத்துவிட்டு, பேத்தியின் நோட்டிலிருந்து நான்கு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முகம் சுளித்தாள். சுளிக்கட்டும். இன்று புதன்கிழமை. எழுதினால் இன்றுதான் எழுத வேண்டும்.

உனக்குத் தமிழ் பேச வந்தது, படிக்க வரவில்லை. எனக்கு உன் பாஷை பேச வந்தது, எழுத்து மட்டும் இன்றுவரை கோழி கிளறிய மண்ணாகத்தான் தெரிகிறது. நான் ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? "தெரியும் தங்கச்சி, அஞ்சு" என்று ஐந்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவாய். நீ என்னை என் பாஷையில் தங்கச்சி என்றாய். நான் உன்னை உன் பாஷையில் அமோய், அதாவது சின்னவளே என்றேன். இருவருக்குமே மூத்தவளாக இருக்கத்தான் ஆசை. நீ புலி வருஷத்தில் பிறந்தாய். நான் எங்கள் ஊர்க் கோவில் மணி புயலில் விழுந்த வருஷத்தில் பிறந்தேன். இரண்டையும் ஒட்டிப் பார்த்துச் சொல்ல ஜொகூர் பாருவில் யாரும் இருக்கவில்லை.

அப்போது கடலில் கல் கொட்டிச் சிங்கப்பூருக்குச் சாலை போட்டிருக்கவில்லை. சரக்கு வண்டிகள் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகும். அந்த வண்டிகளைப் பிணைத்துவிடுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. நாங்கள் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். பின்னால் மேட்டில் கம்பம், மலாய்க்காரர் குடியிருப்பு. எதிரே கடைவீதியின் பின்சந்து, அதன் கடைசி அறையில் நீ. மூன்றும் சேருகிற முக்கில் ஒரே ஒரு தெருக்குழாய். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்துவிட்டால் அதுவே நம் இடம்.

மற்றவர்களுக்கு அந்தத் தண்ணீர் குளிக்கவும் சமைக்கவும். உனக்கு அதுதான் பிழைப்பு. பயறு ஊறத் தண்ணீர், அரைக்கத் தண்ணீர், காய்ச்சத் தண்ணீர், துணி அலசத் தண்ணீர். மிளகுத் தோட்டத்துக்கென்று உள்ளே போன உன் புருஷன் திரும்பவில்லை. நீ ஒற்றை ஆளாகத் தவுக்குவா செய்து, தோள்தடியின் இரண்டு பக்கமும் கூடை தொங்க ஊரெல்லாம் நடந்து விற்றாய்.

அந்தக் குழாயடியில் சண்டை இல்லாத நாள் கிடையாது. அதிலும் என் பக்கத்து வீட்டுப் பார்வதி வரிசையில் நின்றால் சண்டைக்குக் கால் முளைத்துவிடும். ஒரு நாள் அவளுடைய டின்னை யாரோ ஒரு சீனப் பெண் நகர்த்திவைத்து, கையை ஆட்டி ஏதோ சொன்னாள். டின்னில் ஓட்டை இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாள். பின்னால்தான் தெரிந்தது. பார்வதிக்கு அது வசவாகக் கேட்டது. ஒரு வாளித் தண்ணீரை அந்தப் பெண்ணின் தலையில் கொட்டினாள். அதற்குள் நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். நடுவில் ஒரு மலாய்க்கார அம்மாளின் மண்ஜாடி உடைந்து போனது.

அடுத்த வாரம் குழாய்க்கு மேலே ஒரு பலகை ஆணியடித்துத் தொங்கியது. மேலே ஆங்கிலம், அடுத்து மலாய்க்காரரின் ஜாவி எழுத்து, அடுத்து சீனம், கடைசியில் கோணலாகத் தமிழ். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடத்தில் வேதபாடம் வாசித்ததுபோல் உரக்க வாசித்தேன். இனி ஒரு சண்டை நடந்தால் குழாய் பூட்டப்படும். அவ்வளவுதான்.

உனக்குச் சந்தை மலாயில் சொன்னேன். அப்போது நமக்குள் இருந்தது அந்த அரைகுறை மலாய் மட்டும்தான். நீ டின்னைக் கீழே வைத்தாய். அடுத்த தண்ணீர் தண்டவாளத்துக்கு அப்பால் இறக்கத்தில் உள்ள கிணறு. அது கடலுக்குப் பக்கம், உப்புக் கரிக்கும். அதில் தவுக்குவா செய்தால் நாய் மோந்து பார்க்காது என்றாய். நான் வேறு தொழில் பார்க்கலாமே என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். நீ கேட்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய். அன்று மலாயில் சொன்னதைப் பின்னால் தமிழிலும் பல தடவை சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்தத் தமிழ்தான் காதில் நிற்கிறது:

"புரியல்லன்னா எல்லாம் வசவு மாதிரிதான் கேக்கும்."

மறுநாள் நீ கம்பத்து மக் லோங்கைக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஜாடி உடைந்தது அவருடையது. கம்பத்துக்கே மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான், பெரியம்மா என்று, அழைத்தோம். அவர் விரலை நீட்டினால் பார்வதிகூட வாயை மூடுவாள். நீ யோசித்ததை அவர் சட்டமாகச் சொன்னார். திங்களும் வியாழனும் குழாயடியில் மலாய்தான் பேச வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் சீனம், உங்கள் தியோச்சு. புதனும் சனியும் தமிழ். ஞாயிறு அவரவர் வாய், அவரவர் பாடு. நாள் தப்பிப் பேசினால் டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும்.

பார்வதி என்னிடம் பொருமினாள். "நான் தண்ணி பிடிக்க வந்தேனா, பள்ளிக்கூடத்துக்கு வந்தேனா லா?" அன்று திங்கள். மக் லோங்கின் விரல் நீண்டது. அவள்தான் முதல் ஆளாகக் கடைசிக்குப் போனாள்.

முதல் வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? யாருமே வாயைத் திறக்கவில்லை. தெரியாத பாஷை பேசவும் முடியாது, தெரிந்ததைப் பேசினால் இடம் போய்விடும். டின்னில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். ஒரு பக்கம் நல்லதுதான், சண்டை இல்லை. ஆனால் பார்வதியால் ஒரு வாரம் பேசாமல் இருக்க முடியுமா? இரண்டாவது செவ்வாய்க்கிழமை உன் பக்கத்தில் வந்து குந்தி, தண்ணீரைக் காட்டி, உன் பாஷையில் என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். "சுய்" என்றாய். வெயில், மீன், மாமியார், பல்வலி என்று வரிசையாகக் கேட்டுத் தள்ளினாள். ஒரு மாதத்துக்குள் பின்சந்தில் யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களில் முதலில் உன் பாஷை பேசியவள் நான்தான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அவள்தான்.

என் பங்கு சுவரில் இருந்தது. குழாய்க்குப் பின்னால் லயத்தின் சுண்ணாம்புச் சுவர். அதில் தினம் ஒரு சொல்லை மூன்று பாஷையிலும் எப்படிச் சொல்வதென்று தமிழ் எழுத்தில் கரியால் எழுதினேன். அதன் பக்கத்தில் மக் லோங் ஜாவியில் எழுதினார். நீ எழுதத் தெரியாதவள். அதனால் படம் போட்டாய். வாளி, அரிசி, குடை எல்லாம் சுலபம். "பொறு" என்ற சொல் வந்த அன்று என்ன செய்வாய் என்று பார்த்தேன். வெகுநேரம் யோசித்து, வரிசையாக ஐந்து டின்னும் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணும் போட்டாய். அந்தப் பெண்ணுக்குப் பார்வதியின் கொண்டை. அதைப் பார்த்துப் பார்வதியே சிரித்தாள்.

பிறகு வந்தது வினை. முக்கு வீட்டுக்கு ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, குடிவந்தார். இராத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிற மனிதர், பாவம். ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு படுப்பார். அப்படிப் படுத்தால் வார்த்தை கேட்காது, சத்தம் மட்டும் கேட்கும். நாமோ இருபது பேர் ஒரே சொல்லைச் சேர்ந்தாற்போல் கூவிப் பழகிக்கொண்டிருந்தோம். குழாயடியில் தினமும் மூன்று ஜாதிப் பெண்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் மேலே எழுதிப் போட்டுவிட்டார்.

துரை வந்தார். உடன் இரண்டு துபாஷிகள், தமிழுக்கு ஒருவர், சீனத்துக்கு ஒருவர். துரைக்கு மலாய் தெரியும். பின்னால் ஓர் ஆள் சங்கிலியும் பூட்டும் ஏந்தி நின்றான். கிராணி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். உன் இரண்டு டின்னும் வரிசையில் மூன்றாவதாக இருந்தன. அந்தப் பூட்டைப் பார்த்ததும் உன் முகத்தில் ரத்தமே இல்லை.

அன்று புதன்கிழமை.

சீனத் துபாஷி நேராக உன்னிடம் வந்தார். தினமும் சண்டை நடக்கிறதாமே, யார் ஆரம்பிக்கிறது என்று உங்கள் பாஷையில் கேட்டார். அதற்குள் எனக்கு அது புரிகிற அளவுக்குக் காது பழகியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். உன் தமிழ் அப்போது ஒரு வயதுக் குழந்தை. நிற்கும், நாலடி நடக்கும், விழும். நான் உன் காதோடு சொன்னேன்: "அமோய், இன்னைக்கு மட்டும் உன் பாஷையில சொல்லிடு. நாள் பாக்காத. உன் பொழப்பு இது."

"இன்னைக்கு புதன்" என்றாய்.

அந்தச் சீனத் துபாஷியை விட்டுவிட்டு, தமிழ்த் துபாஷியின் முன்னால் போய் நின்றாய். அவர் திகைத்துப் போனார். முந்தானை இல்லாததால் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய்.

"ஐயா, நாங்க சண்டை இல்ல. நாங்க படிக்கிறோம். இந்த ஐயா ஜன்னல் சாத்திட்டு கேட்டாரு. புரியல்லன்னா எல்லாம் வசவு மாதிரிதான் கேக்கும். முன்னாடி எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

சீனத் துபாஷிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சீனத்தி தன்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் தமிழில் முறையிடுவதா? உங்கள் பாஷையில் உரக்க ஏதோ அதட்டினார். அப்போது வரிசையில் முதலாவதாக நின்ற பார்வதி, பழக்கதோஷத்தில், கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னாள்.

"ஐயா, இன்னைக்கு தமிழ். கடைசிக்குப் போங்க."

மக் லோங்கின் விரலும் தன்னால் நீண்டது. அந்த விரலுக்கு என்ன சக்தியோ, கோட்டும் தொப்பியுமாக வந்த மனிதர் ஒன்றும் புரியாமல் நடந்துபோய் வரிசைக் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு சிறுமியின் பித்தளைச் செம்பு இருந்தது.

துரை மக் லோங்கிடம் மலாயில் விவரம் கேட்டார். ராஜ குடும்பத்தார் கேட்டால்கூடத் தயங்காமல் பதில் சொல்லும் அந்த அம்மாள், புதன் என்பதால் அன்று மலாயில் வாயைத் திறக்கவில்லை. தமிழ்த் துபாஷியைக் காட்டினார். நாம் தமிழில் சொல்ல, அவர் வழியாகத்தான் எல்லாம் துரைக்குப் போனது. துரை சுவர்ப் பக்கம் போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்தில் இருப்பது யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது, நான் ஐந்தாம் வகுப்பு என்றேன். அப்போதும் நீ பின்னாலிருந்து ஐந்து விரலைக் காட்டினாயாம், பார்வதி பிறகு சொன்னாள். டின்னோடு நிற்கிற பெண்ணின் படத்துக்கு வந்ததும் அவர் ஒரு முறை பார்வதியின் கொண்டையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூட்டும் சங்கிலியும் வந்த வழியே போயின. கிராணிக்காக நாம் காலையில் கூவுவதை நிறுத்தினோம். சில மாதம் கழித்து அவரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நம் சொற்களைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பதை நாம் பார்த்தோம்.

அதோடு நீ விட்டிருக்கலாம். குழாய் பிழைத்தது, உன் தொழிலும் பிழைத்தது. ஆனால் அன்று சாயங்காலமே கூடையைத் தூக்கும்போது சொன்னாய், ஊரில் இன்னும் எத்தனை குழாய் இருக்கிறது தெரியுமா என்று. மறுநாள் முதல் ஆறாவது துண்டு ஆரம்பித்தது. தமிழன் உன்னிடம் சீனத்தில் ஐந்து கேட்டால் ஆறு. மலாய்க்காரர் தமிழில் கேட்டால் ஆறு. சீனன் மலாயில் கேட்டாலும் ஆறு. தன் சொந்த பாஷையில் கேட்கிறவருக்கு ஐந்துதான். ஆஸ்பத்திரி மேடு, மீன் சந்தை, படகுத் துறை, நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள சேவகர் வீடுகள் என்று உன் கூடை போன இடமெல்லாம் ஜனங்கள் நீ வருவதற்கு முன்னால் வாய்க்குள் முணுமுணுத்துப் பழகுவார்கள். துறைப் படகோட்டி ஒருவர் மூன்று பாஷையிலும் கேட்டுவிட்டு எட்டு வேண்டும் என்று அடம்பிடித்தது ஊரெல்லாம் பேச்சானது.

அதன் பின்னாலேயே குழாய்ச் சட்டமும் நடந்தது. ஒரு வருஷத்தில் ஊரில் பாதிக் குழாய்களுக்கு நாள் வைத்துவிட்டார்கள். என்ன, ஒவ்வொரு குழாய்க்கும் வேறு வேறு நாள். நான் சந்தைக் குழாயில் ஒரு புதன்கிழமை தைரியமாகத் தமிழ் பேசி, கடைசிக்குத் துரத்தப்பட்டேன். இந்தச் சட்டத்தை உண்டாக்கியவளின் சிநேகிதி நான் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் தமிழில்தான் சொன்னேன். அதற்காக இன்னொரு தடவை துரத்தினார்கள்.

ஒன்றை மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆறாவது துண்டு எங்கிருந்து வந்தது? பலகைப் பெட்டிக்குள் திரிந்த பாலை ஊற்றி அழுத்தினால் நாலு ஓரமும் நேராக வராது. அந்த ஓரத்தை வெட்டி ஒதுக்குவாய். அதுதான் உன் இராச் சாப்பாடு. ஒரு நாள் உன் அறைக்கு வந்தபோது வெறும் கஞ்சியும் உப்பு முள்ளங்கியும் வைத்துக்கொண்டிருந்தாய். தவுக்குவாக்காரி வீட்டில் தவுக்குவா இல்லையா என்று கேலி செய்தேன். "ஊரு சாப்பிட்டுச்சு" என்றாய், பெரிய விருந்து வைத்தவள் மாதிரி. அதற்குப் பிறகு உன் இராச் சாப்பாட்டில் பாதி என் வீட்டுக் குழம்பானது. காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிடுவாய்.

நீ போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் உன்னை நாலு நாளில் கொண்டு போய்விட்டது. உன் அறை வாசலில் சந்து கொள்ளாத கூட்டம். நான் வாய்விட்டு அழப் போனேன், என் தாய் பாஷையில்தானே அழுகை வரும். அப்போது பார்வதி உன் காலடியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, உன் பாஷையில் ஒப்பாரி வைத்தாள். எங்கள் ஊர் ராகம், உங்கள் ஊர் வார்த்தை. உன் பின்சந்துச் சனங்கள் அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். மக் லோங் வெளியே நின்று, மெதுவாக, அவரும் உன் பாஷையில் உனக்கு விடை கொடுத்தார். ஒருவர்கூட நாள் தப்பவில்லை அமோய். நீ இருந்திருந்தால் முகமெல்லாம் பல்லாக இருந்திருப்பாய்.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் வருகிறது. முக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். சுவருக்கும் பல தடவை வெள்ளையடித்தாயிற்று. பார்வதி மகனோடு ரெங்கம் பக்கம் போய்விட்டாள், அங்கேயும் யாரையாவது கடைசிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். என் பேத்தி மூன்று பாஷை பேசுகிறாள், பள்ளியில் நாலாவதாக ஆங்கிலமும் படிக்கிறாள். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நான் வைத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். தெருவில் யாராவது எனக்குத் தெரியாத பாஷையில் சத்தமாகப் பேசினால் நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. திட்டமாட்டார்கள், டின்னில் ஓட்டை இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெளியே போய் என்னவென்று கேட்கிறேன். போன மாதம் ஒரு பஞ்சாபிக் காவல்காரரிடம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் வார்த்தை கற்றுக்கொண்டேன். மாமியாருக்கு இன்னும் கேட்கவில்லை.

ஆறாவது துண்டை இன்று நான் சாப்பிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்று புதன், அதனால் தமிழில் எழுதினேன். வருகிற செவ்வாய்க்கிழமை உன் கல்லறை மேட்டுக்கு வந்து, இதையெல்லாம் உன் பாஷையில் சொல்கிறேன். நடுவில் எங்கேயாவது தமிழ் கலந்துவிட்டால் என்னை வரிசைக் கடைசிக்கு அனுப்பு. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.